மாடியில் பாஸ்வேர்ட், கீழே பிரின்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை இடியப்பம் சாப்பிட்ட கையோடு மோகனராஜ் அந்தப் பெரிய பெட்டியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துப் பிரித்தான். உள்ளே இருந்த வெள்ளைப் பிரின்டரைப் பிறந்த பிள்ளையைத் தூக்குகிற பக்குவத்தில் வெளியே எடுத்து, அதன் உடம்பில் ஒட்டியிருந்த நீல டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தான். சிவரூபினி பக்கத்தில் நின்றுகொண்டு காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

“கம்பியூட்டர்ல குத்துற வயரக் காணோமே?”

“இதுக்கு அது தேவையில்ல. கரண்ட் வயர் மட்டுந்தான். மத்ததெல்லாம் காத்துல போகும்,” என்றான் மோகனராஜ். “கடைக்காரன் சொன்னான், அஞ்சு நிமிஷ வேலயாம்.”

சிவரூபினி மாத்தளை டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறு பின்னேரம் வீட்டு முன் ஹாலில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். அதற்கு வாராவாரம் மாதிரி வினாத்தாள் வேண்டும். சனிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பலீல் நானாவின் கொமியூனிகேஷன் கடையில், கல்யாண அட்டைக்காரர்களுக்கும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர்களுக்கும் நடுவில் முண்டியடித்துக்கொண்டு நின்று பிரதி எடுத்து வருவாள். அவள் கால் வலி என்று ஒருநாள் முனகியதைக் கேட்டுவிட்டுத்தான் மோகனராஜ் சொல்லாமல் கொள்ளாமல் இந்தப் பிரின்டரை வாங்கி வந்திருந்தான். அந்த அன்பு அவளுக்குப் புரியாமல் இல்லை. வந்திறங்கிய பிரின்டரை நம்பித்தான் நேற்று அவள் கடைப் பக்கமே போகவில்லை. பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கையில் ஒரு தாள்கூட இல்லை.

ஆனாலும் அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. அது வினாத்தாளைப் பற்றியது அல்ல. காற்றில் போவது என்றால் அது வைஃபை. வைஃபை என்றால் அது அவளுடைய அப்பாவின் அறையில், மாடியில், அலுமாரிக்கு மேலே இருந்தது. அப்பாவும் மோகனராஜும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் நேரே பேசுவதில்லை. எல்லாம் சிவரூபினி வழியாகத்தான் போய் வந்தது. அம்மா வீட்டில் இருந்திருந்தால் இந்தப் பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டிருப்பாள். சிவரூபினியின் தங்கச்சிக்குப் பிரசவம் பார்க்கக் கொழும்புக்குப் போனவள், பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகும் திரும்பி வரும் யோசனையில் இல்லை. இன்று காலையில்கூட அப்பா இடியப்பத்தைப் பிய்த்தபடி, சிவரூபினியைப் பார்த்து, “சம்பல்ல உப்பு கூடன்னு ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுதா கேளு,” என்றார். சம்பல் அரைத்தது மோகனராஜ். அவன் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். “உப்பு சரியாத்தான் இருக்குன்னு மாமாகிட்ட சொல்லு,” என்றான். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

எல்லாம் அந்த லக்கல கல்யாணத்தில் தொடங்கியது.

அப்பா அழகுமுத்து முப்பது வருஷம் காய்கறி லொறி ஓட்டியவர். தம்புள்ளையில் இருந்து கண்டி வரைக்கும் அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. அவருடைய பழைய முதலாளி வீட்டில் கல்யாணம், லக்கலப் பக்கம். மோகனராஜ் தன் கூட்டாளியின் வேனை வாங்கிக்கொண்டு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனான். நாவுலயைத் தாண்டியதும் தொடங்கியது பிரச்சினை. அப்பா ஒரு ரோட்டைக் காட்டினார். மோகனராஜின் போன் இன்னொரு ரோட்டைக் காட்டியது. அவன் போன் சொன்னதைக் கேட்டான்.

போன் சொன்ன ரோடு போகப் போக ஒடுங்கி, தாரை விட்டு, கல்லை விட்டு, கடைசியில் காடு வெட்டிப் பயிர் வைத்த ஒரு சேனைக்கு நடுவே வண்டித் தடமாகப் போய் நின்றது. அங்கே ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. அது இவர்களைப் பார்த்துக் கோபப்படவும் இல்லை, வழி விடவும் இல்லை. சும்மா காதை ஆட்டிக்கொண்டு நின்றது. மோகனராஜ் மூச்சு விடாமல் வேனைப் பின்பக்கமாகவே ஓட்டி மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தான்.

“இப்பயாவது நான் சொன்ன ரோட்ல போங்க,” என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த திருப்தியை வேனில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். போனார்கள். நல்ல அகலமான, அழகான ரோடு. அது நேரே ஒரு நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது அந்தப் பக்கத்துப் பழைய ரோடுகள் எல்லாம் அடியில் போய்விட்டன என்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் லொறியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. பட்டுச்சேலைக்காரர்கள் எல்லாரும் வேனை விட்டு இறங்கித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம், அந்தத் தண்ணிக்குப் பக்கத்தில் இடப்பக்கம் ஒரு ரோடு இருந்ததாகவும் அதில் திருப்பியிருக்க வேண்டும் என்றும் அப்பா சொன்னார். அப்படி ஒரு ரோடே இல்லை என்றான் மோகனராஜ். மாத்தளைக்கு வந்து இறங்கும்போது பேச்சு நின்றுவிட்டிருந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று சிவரூபினி நினைத்தாள். இப்போது மாசக்கணக்காகி, வெசாக் பண்டிகையும் போய், எசலப் பெரஹராவும் போய்விட்டது.

இதற்கு இடையில்தான் அப்பா தன் பேரில் வைஃபை எடுத்தார். படுத்தபடி கிரிக்கெட்டும், யாரோ எங்கோ மலை ரோட்டில் லொறி ஓட்டுகிற வீடியோக்களும் பார்க்க. லைன் போட வந்த கம்பெனிப் பையன் சிங்களவன், சின்ன வயசு, நல்ல மரியாதைக்காரன். எல்லாம் பூட்டி முடித்து, “அங்கிள், பாஸ்வேர்டுக்கு ஏதாவது ஒரு சொல் சொல்லுங்க. நீளமா, மறக்காத மாதிரி,” என்று சிங்களத்தில் கேட்டான். அப்பா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. அந்த நாளில் அவர் மனசில் இருந்தது ஒரே ஒரு வசனம்தான். அதையே அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்.

“நான் சொன்ன ரோடுதான்.”

தமிழ் தெரியாத அந்தப் பையன் காதில் விழுந்தபடி அதை ஆங்கில எழுத்தில் அடித்து, சிவரூபினியின் போனையும் லெப்டொப்பையும் தானே இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று கதவோரத்தில் நின்ற சிவரூபினிக்கு மட்டும்தான் அது தெரியும். மோகனராஜ் தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. “அவர் வைஃபை எனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு, சிக்னல் பிடிக்க வீட்டுக்குப் பின்னால் தண்ணி டேங்கடியில் போய் நின்றுகொண்டு தன் போன் டேட்டாவில் பார்த்துக்கொள்வான். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். அவளும் அந்தப் பாஸ்வேர்டை அடுப்படியில் பூனைக்குத் தெரியாமல் கருவாட்டை ஒளிக்கிற மாதிரி ஒளித்து வைத்திருந்தாள்.

இப்போது பிரின்டர் தன் சின்னத் திரையில் வைஃபையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பக்கத்து வீடுகளின் பெயர்களை எல்லாம் வரிசையாகக் காட்டியது. அப்பாவின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அடுத்ததாகப் பாஸ்வேர்ட் கேட்டது.

“பாஸ்வேர்ட் சொல்லு ரூபி.”

“கொஞ்சம் பொறுங்க. பாஸ்வேர்ட் இல்லாமலே செய்யலாமாம். நான் கேட்டுப் பாக்குறேன்,” என்று போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

இதையெல்லாம் கேட்க வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது. பலீல் நானாவுக்கே எடுத்தாள். இரண்டாவது மணியில் எடுத்தார்.

“சொல்லுங்க டீச்சர். நேத்துக் கடைப் பக்கம் காணல்லயே?”

“கொஞ்சம் வேல நானா. ஒரு சின்னச் சந்தேகம். ஒருத்தங்க வீட்டுல புதுசா ஒரு பிரின்டர் வாங்கியிருக்காங்க...”

“டீச்சர்,” என்றார் பலீல் நானா மெதுவாக, “சார் அந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு என் கடைக்கு முன்னாலதான் போனார். நான்தான் ரோட்டக் கடக்க வாகனத்த மறிச்சுக் குடுத்தேன்.”

சிவரூபினிக்கு அடுப்புக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. பலீல் நானா சிரித்தார். “பரவாயில்ல. சொல்லுங்க, எங்க நிக்குது?” அவள் சொன்னாள். ரூட்டருக்குப் பின்னால் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமத்திவிட்டு ரெண்டு நிமிஷத்துக்குள் பிரின்டரில் இருக்கும் பொத்தானையும் அமத்த வேண்டும், பாஸ்வேர்ட் தேவைப்படாது என்றார். “சில கம்பெனிக்காரங்க அத வேல செய்யாம நிப்பாட்டி வச்சிருப்பாங்க. அதையும் சொல்லிப்போட்டேன்,” என்றார்.

சிவரூபினி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். ரூட்டர் அலுமாரிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் விளக்கு ராத்திரியில் கண்ணைக் குத்துகிறது என்று அப்பா அதற்கு முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சியைப் போர்த்தியிருந்தார். அவள் ஸ்டூலில் ஏறிக் கைலேஞ்சியை விலக்கிப் பொத்தானை அமத்தி, இறங்கி, மாடிப்படியில் வழுக்கப் பார்த்து, சமாளித்து, ஹாலுக்கு வந்து பிரின்டரின் பொத்தானை அமத்தினாள். பிரின்டரில் ஒரு நீல விளக்கு சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மாதிரி அணைந்துபோனது.

மறுபடியும் ஓடினாள். மூன்றாம் தடவை அவள் ஸ்டூலில் ஏறும்போது அப்பா வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“என்னா புள்ள, முருகனுக்கு நேர்த்திக்கடனா?”

“பிரின்டர்ப்பா. கனெக்ட் ஆக மாட்டேங்குது.”

“யார் பூட்டுறது?”

“அவர்தான்.”

“அதான பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடியும் சாய்ந்துகொண்டார். ஆனால் வீடியோவைத் தொடவில்லை. காதைக் கீழே வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

கீழே மோகனராஜ் சும்மா இருக்கவில்லை. அவளுடைய லெப்டொப்பில் எதை எதையோ இறக்கி, எதை எதையோ அமத்திக்கொண்டிருந்தான். பிரின்டருக்கே சொந்தமாக ஒரு சிக்னல் உண்டு என்று கண்டுபிடித்து அதன் வழியாக ஒரு தடவை பிடித்தும்விட்டான். பிரின்டரின் பெயர் திரையில் வந்தது. சிவரூபினி அவசரமாக வினாத்தாளைத் திறந்து முப்பது பிரதி என்று கொடுத்தாள். அதற்குள் தொடர்பு அறுந்து அந்தப் பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது. அவன் திரும்பவும் கொடுத்துப் பார்த்தான். ஒரு படத்தைக் கொடுத்துப் பார்த்தான். பிரின்டர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஐந்து நிமிஷ வேலை பகல் சோற்று நேரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

மோகனராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். நாவுலயில் உரமும் விதையும் விற்கிற கம்பெனியின் கிளையில் அவனுக்கு வேலை. அங்கே எந்த மெஷின் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வீட்டில், அதுவும் மாமனார் காது கொடுத்துக்கொண்டிருக்கிற வீட்டில், தோற்றுப்போக அவனுக்கு மனசில்லை.

“ரூபி, இனி வேற வழியில்ல. பாஸ்வேர்டச் சொல்லு.”

“அப்பாவுக்கு... ஞாபகமில்லையாம்,” என்றாள் அவள்.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. படியின் உச்சியில் அப்பா வந்து நின்றார்.

“யாருக்கு ஞாபகமில்ல? எனக்கா? முப்பது வருஷம் லொறி ஓட்டியிருக்கேன், நம்பர் பிளேட்டு ஒண்ணுகூட மறக்கல. ஞாபகமில்லன்னு நான் ஒங்கிட்ட சொன்னேனா?”

“அப்ப சொல்லச் சொல்லு,” என்றான் மோகனராஜ், பிரின்டரைப் பார்த்தபடி.

அப்பா வாயைத் திறந்தார். திறந்த பிறகுதான், என்ன சொல்லப் போகிறோம், யார் முன்னால் சொல்லப் போகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. சிவரூபினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வெட்கப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய மீசைக்கு அடியில் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

“எழுத்து எழுத்தாச் சொல்றேன். சொல்லாச் சொல்ல ஏலாது,” என்றார் கடைசியில். “எழுதிக்கச் சொல்லு. முதல்ல என்.”

“என்,” என்றாள் சிவரூபினி.

பிரின்டரில் எழுத்துகளை அடிக்க வசதி கிடையாது. மேலே ஓர் அம்புக்குறி, கீழே ஓர் அம்புக்குறி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஏயில் இருந்து நடந்து போக வேண்டும். மோகனராஜ் பொறுமையாக என் வரைக்கும் நடந்தான்.

“ஏ.”

“ஏ.”

“இன்னொரு ஏ.”

“இன்னொரு ஏ.”

“மறுபடி என்.”

மூன்றாவது ‘என்’னும் நாலாவது ‘என்’னும் போய் முடிந்தபோது மோகனராஜின் விரல் ஒரு நிமிஷம் நின்றது. அவன் திரையை உற்றுப் பார்த்தான். “நான்... சொன்ன...” என்று வாய்க்குள் வாசித்தான். சிவரூபினி சுவரில் இருந்த கலண்டரை வாசிக்கத் தொடங்கினாள்.

“ஆர்,” என்றார் அப்பா, இன்னும் தாழ்ந்த குரலில். “ஓ.”

அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவளால் முடியவில்லை. இத்தனை மாசமாக உப்பையும் காரத்தையும், மோட்டார் சுவிட்சையும் முன் கேட் பூட்டையும் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கியவளுக்கு, இப்போது இந்த ஓ என்ற எழுத்தைத் தூக்கத் தெம்பில்லாமல் போய்விட்டது. அவள் மாடியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குக் கால் வலிக்குது. ரெண்டு பேரும் பேசிக்கங்க,” என்றாள்.

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

மோகனராஜ் திரையையும் படியின் உச்சியையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் எந்தப் பக்கம் சாயும் என்று சிவரூபினிக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் பிரின்டரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தண்ணி டேங்கடிக்குப் போய்விடுவான்.

“மாமா,” என்றான். “ரோடுன்னா, கடைசியில டி மட்டுமா? இல்ல டி, யுவா?”

அப்பா இருமினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார்.

“அது எனக்கு எப்புடித் தெரியும்? அடிச்சது அந்தப் பையன். நான் வாயால சொன்னேன், அவ்வளவுதான்.”

“இதுக்குப் பொறகு ‘தான்’ இருக்கா?”

“இருக்கு.”

“இருக்கும்னு நெனச்சேன்,” என்றான் மோகனராஜ்.

ரோடைச் சரியான ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தார்கள். பிரின்டர் முடியாது என்றது. யு போட்டு அடித்தார்கள். முடியாது என்றது. ஒவ்வொரு தடவையும் முழு வசனத்தையும் முதலில் இருந்து அடிக்க வேண்டியிருந்தது. மோகனராஜின் விரல் ‘நான் சொன்ன’ வரைக்கும் இப்போது தானாகவே போனது. அப்பா ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு படி இறங்கி வந்து, கடைசியில் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

“அந்தப் பையன் திருப்பி வாசிச்சுக் காட்டினானா மாமா?”

“காட்டினான். ‘நன் சொன்ன ரோடு தன்’னு வாசிச்சான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு.”

“நன்,” என்றான் மோகனராஜ். “அப்ப அதான் விஷயம். எங்க கம்பெனிக்கு வர்ற சிங்கள ஆளுங்க தமிழ்ப் பேர எழுதுறத நான் தினம் பாக்குறேன். நீட்டுறதுக்கு ரெண்டு ஏ போட மாட்டாங்க. ஒண்ணுதான். முன்னால ஒண்ணு, பின்னால ‘தான்’ல ஒண்ணு. அது மாதிரி ‘சொன்ன’வுக்கும் ஒரு ‘என்’தான் வரும்.”

“அதுக்கு ரெண்டு.”

“ஒண்ணுதான் மாமா. அவங்க அப்புடித்தான் எழுதுவாங்க.”

“மாப்பிள்ள, சொன்னது நானு. நான் அத எவ்வளவு அழுத்திச் சொன்னேன்னு எனக்குத் தெரியும். அந்த அழுத்தத்துக்கு ஒரு என் போட்டிருந்தா அவனுக்குக் காது கேக்கலன்னு அர்த்தம்.”

மாப்பிள்ளை என்ற சொல் அந்த ஹாலில் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மோகனராஜ் ஒரு பெருமூச்சு விட்டு, ‘ஏ’யை ஒற்றையாகவும் ‘என்’னை இரட்டையாகவும் போட்டு, ரோடுக்கு ‘யு’வையும் சேர்த்து, கடைசி எழுத்துவரை நடந்து போய், சரி என்று அமத்தினான்.

நீல விளக்கு சிமிட்டியது. பிறகு சிமிட்டுவதை நிறுத்தி, நேராக எரிந்தது.

ஒருவரும் ஒன்றும் சொல்வதற்குள் பிரின்டர் தொண்டையைக் கனைத்தது. காலையில் இருந்து கொடுத்ததையெல்லாம் அது மறக்காமல் வைத்திருந்தது. முதல் முப்பது வினாத்தாள்கள் வந்தன. அடுத்த முப்பது வந்தன. தட்டு நிறைந்து தாள்கள் மேசையிலும் தரையிலும் வழுக்கி விழுந்தன. சிவரூபினி ஓடி வந்து மடியை ஏந்திப் பிடித்தாள். “நிப்பாட்டுங்க, போதும்,” என்றாள். “எப்புடி நிப்பாட்டுறதுன்னு தெரியல,” என்றான் மோகனராஜ், திரையில் தெரிந்த எல்லாவற்றையும் அமத்தியபடி. நடுவில் அவர்களுடைய கல்யாணப் படம் ஒன்று வண்ணத்தில் வந்து விழுந்தது. அதில் அப்பாவும் மோகனராஜும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். “சோதிக்கக் கையில அகப்பட்டதக் குடுத்தேன்,” என்றான் அவன், யாரும் கேட்காமலே. அப்பா அதைக் குனிந்து எடுத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்து, “கலர் நல்லா வருது,” என்று சொல்லி மேசையில் வைத்தார்.

தாள் தீர்ந்த பிறகுதான் பிரின்டர் ஓய்ந்தது. அப்பா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். லொறி வாங்க வந்தவர் டயர் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

“மாப்பிள்ள, ஒங்க போன்ல ஒரு படம் காட்டுமே, ரோட்டுப் படம். அத இதுல எடுக்க ஏலுமா?”

“ஏலும். எதுக்கு மாமா?”

“அந்தச் சின்ன போன்ல எனக்குக் கண்ணு தெரியாது. பெருசா எடுத்துத் தாங்க. அந்த இடப்பக்கத்து ரோடு எங்க இருக்குன்னு நான் காட்டுறேன்.”

மோகனராஜ் போனை எடுத்து, லக்கலப் பக்கத்தைத் தேடி எடுத்தான். பிரின்டருக்கு அனுப்ப வேண்டுமென்றால் போனும் இந்த வீட்டு வைஃபையில் இருக்க வேண்டும் என்று போன் சொன்னது. அவன் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல், தன் சொந்தப் போனில், தன் சொந்தக் கைவிரலால், முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை மாமனார் சொன்ன ரோடுதான் சரி என்று அடித்தான்.

பிரின்டரில் புதிதாகத் தாள் வைத்ததும் படம் நாலு தாளில் வந்தது. அப்பா அவற்றை மேசையில் சேர்த்து வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாவுலயில் இருந்து விரலை ஓட்டினார். விரல் நம்பிக்கையோடு போனது. ஒரு வளைவு, ஒரு பாலம், இன்னொரு வளைவு. அங்கே போய் நின்றது. விரலுக்கு முன்னால் ஒரே நீலம்.

அப்பா தாளை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். கைலேஞ்சியால் துடைத்துப் பார்த்தார்.

“இந்த இடத்துல மெஷின் மைய ஊத்திப்புடுச்சு,” என்றார்.

“அது தண்ணி மாமா.”

“இவ்வளவு தண்ணியா? அன்னைக்கு இவ்வளவு இல்ல. இது மைதான். புது மெஷின், ஒழுகுது. திருப்பிக் குடுங்க.”

“சரி, மைன்னே வச்சுக்கங்க. இடப்பக்கத்து ரோட்டக் காட்டுங்க பாப்போம்.”

“இந்தா, இது என்னா?”

“அது வாய்க்கா.”

“வாய்க்காவுக்கு யாராவது இவ்வளவு நேராக் கோடு போடுவாங்களா? நான் இதுல லொறி கொண்டு போயிருக்கேன். மழ நாள்ல.”

“அப்ப லொறிய வாய்க்காவுலதான் ஓட்டியிருக்கீங்க மாமா.”

“நீங்க மட்டும்? யானைக்குச் சொந்தமான ரோட்டுல வேனக் கொண்டு போய் விட்டீங்க. இந்தப் படத்துல யானையப் போட்டிருக்காங்களா, பாருங்க.”

குரல்கள் ஏறின. மோகனராஜ் ஒரு பேனாவை எடுத்தான். அப்பா அதைப் பிடுங்கி, நீலத்துக்கு மேலேயே தன் ரோட்டைக் கறுப்பாகப் போடத் தொடங்கினார். மோகனராஜ் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, “அதுக்குள்ள போட்டா மீன்தான் போகும்,” என்றான்.

சிவரூபினி வினாத்தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். பிள்ளைகளுக்கு இந்த வாரத்துக்கும், கையெழுத்து மோசமானவர்களுக்குத் திரும்ப எழுதக் கொடுக்கவும், யாராவது கிழித்துக்கொண்டு வந்தால் மாற்றவும் போதுமான அளவு இருந்தன. வினாத்தாள் கட்டை முன் ஹாலில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அடிப்பிடித்த பருப்பின் மேல்பகுதியை அள்ளிச் சோற்றில் விட்டு, ஒரு முருங்கைக்காய்த் துண்டையும் வைத்துக்கொண்டு, சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இவரிடம் இதைச் சொல்லு, அவரிடம் அதைக் கேளு என்று யாரும் சொல்லவில்லை. அவள் நிதானமாக, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். தீய்ந்த வாசம்கூட நன்றாக இருந்தது.

கை கழுவி வரும்போது ராசம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வகுப்புக்கு எப்போதும் முதலில் வந்து சேருகிறவள் அவளுடைய மகள்தான். ராசம்மா செருப்பைக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“என்னா டீச்சர், உள்ள பெரிய சத்தமா இருக்கு? ஏதும் பிரச்சினையா? நாங்க வேணும்னா பொறகு வர்றோம்.”

“இல்லக்கா, வாங்க,” என்றாள் சிவரூபினி. “பேசிக்கிட்டு இருக்காங்க.”